ரோட்டுக்கு அடியில் ஒரு முழம் வேர்

அடி குள்ளி,

இன்று காலையில் கொழுந்து மலைக்குப் போவதற்காகக் கொடியிலிருந்து, இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை எடுத்து உதறினேன். இடுப்பு மடிப்புக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு களிமண் கட்டி விழுந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். எத்தனை தடவை அடித்துத் துவைத்த படங்கு, அதற்குள் எப்படித்தான் ஒளிந்திருந்ததோ. எடுத்து, எச்சில் தொட்டு, விரலால் நசுக்கினேன். மக்கின இலையும் ஈரக் கல்லும் கலந்த வாசம் குப்பென்று வந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசல் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் பிந்திப் போனேன். கங்காணி அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என்னா, மகாராணிக்கு இப்பதான் விடிஞ்சிச்சா?"

"ஆமாங்க அண்ணே. ராசாவுக்கு எப்ப விடிஞ்சிச்சு?" என்றேன்.

நீ பக்கத்தில் நின்றிருந்தால் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்திருப்பாய். உன் தேயிலை நெரையில் இப்போது புதிதாகப் பேர் பதிந்த ஒரு பிள்ளை கொழுந்து எடுக்கிறாள். நல்ல பிள்ளை. பேசவே மாட்டாள். நான் பாட்டுக்குப் பழக்கத்தில் ஏதாவது சொல்லித் திரும்பிப் பார்த்தால் அவள் பயந்து போகிறாள்.

லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு மட்டும் நீ குள்ளி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசை நிற்க வைத்தால் நீ முதல் ஆள், நான் கடைசி ஆள். "ஒட்டகம், மேல மழை பேயுதா?" என்று முன்னாலிருந்து கத்துவாய். ஐந்தாம் வகுப்போடு இரண்டு பேரும் நின்றோம். அந்த எழுத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நம் தண்ணீர்ப் பீலியைப் பற்றி எழுதப் போகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், தெரியாததும் இருக்கும். நீ பாதியில் போய்விட்டாய்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குக் காட்டுப் பக்கம் மண் சரிந்தது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் ஓடையிலிருந்து வீட்டுக்கு ஒன்றாக நாம் இழுத்து வைத்திருந்த கறுப்பு டியூப் எல்லாம் மண்ணோடு போயிற்று. போனது ஒரு விதத்தில் நல்லது என்று நீதான் சொன்னாய். ஒருவர் டியூப்பை ஒருவர் வெட்டுவதும், வெட்டியது யார் என்று ஏசிக்கொள்வதுமாக எத்தனை வருஷம். உன் டியூப்பை என் ஆடு கடித்துவிட்டது என்று நீயும் நானுமே பத்து நாள் பேசாமல் இருந்தோம். பத்தாம் நாள் நீயே வந்து, "உன் ஆட்டுக்கிட்டயாவது பேசிட்டுப் போறேன், தள்ளு" என்று உள்ளே வந்தாய்.

மழை விட்டு மாசி பிறந்ததும் தண்ணீருக்குத் தவிப்பு வந்தது. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் பவுசர் வண்டி வரும். கேனை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவோம். திரும்பி வந்தால் நம் கேன் பின்னால் தள்ளிக் கிடக்கும். ஒரு நாள் உன் முறை வருவதற்குள் பவுசர் வற்றிவிட்டது. நீ யாரையும் ஏசவில்லை. வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு போய் லயத்து முனையில் இருக்கிற பீலிக்கரையில் உட்கார்ந்தாய். நானும் வந்து உட்கார்ந்தேன்.

பீலி என்று பேர்தான். கருங்கல்லில் செதுக்கிய இரண்டு வாய். அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்து நாம் பார்த்ததில்லை. ராஜா காலத்தில் கீழ் கிராமத்து ஆட்கள் வெட்டியது என்றும், நம் ஆட்கள் வந்த பிறகு லயம் வரைக்கும் இழுத்தார்கள் என்றும் சொல்வார்கள். டியூப் வந்ததும் அதை மறந்துவிட்டார்கள். அதன் மேல் விறகு பிளந்தோம், கோழி கட்டினோம். நீ அந்தக் கல்லுக்குக் கீழே இருந்த குழியைக் காலால் தடவினாய்.

"ஒட்டகம், தண்ணி விழாமலா கல்லுல இம்புட்டுக் குழி விழுந்திருக்கு?"

"அது எந்தக் காலத்துலயோ."

"மேல காட்டுல ஊத்து இன்னும் இருக்குல்ல? கீழ கல்லு இருக்கு. அப்ப நடுவுலதானே என்னமோ கெட்டுப்போச்சு. போய்ப் பாத்தா என்னா?"

"சிறுத்தை புடிச்சிரும்."

"என்னையப் புடிச்சா அதுக்கு ஒரு வாய்க்குக் காணாது. உன்னையத்தான் புடிக்கும். வா."

அடுத்த ஞாயிறே போனோம். ஊற்று உயிரோடு இருந்தது. பாறைப் பிளவிலிருந்து கை மொத்தத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. அதற்குக் கீழே ஒரு கல் தொட்டி. அது நிறைய மக்கின இலை, சேறு. தொட்டியின் ஒரு பக்கம் வழிந்து கீழ் கிராமத்துக்குப் போனது. இன்னொரு பக்கம் லயத்துக்கு வருகிற கல் கால்வாய், மண் மூடிப் புல் முளைத்துக் கிடந்தது. புல்லை விலக்கி விலக்கி வந்தோம். தோட்டத்து ரோடு வந்தது. கால்வாய் ரோட்டுக்கு அடியில் ஒரு பொந்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறது. பொந்து வாய் முழுக்கச் சவுக்கு மரத்து வேர். நீ படுத்து உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இம்புட்டுத்தான்டி. தொட்டி, கால்வாய், இந்தப் பொந்து. மூணே மூணு."

பன்னிரண்டு பொம்பளைகள் சேர்ந்தோம். ஆம்பளைகள் கோயில் முன்னால் கேரம் ஆடிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "தண்ணி வந்ததும் சொல்லுங்க, சோப்போட வாறோம்" என்றார். "வாங்க வாங்க, முதுகு தேய்க்க பீர்க்கங்கூடு தாறோம்" என்றாய் நீ.

நாம் செய்த முதல் கூத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மலையில் புல்லு வெட்டும்போது ஒரு வேர் மிஞ்சினாலும் கங்காணி திருப்பி அனுப்புவார். பதினெட்டு வயதிலிருந்து நம் கை அப்படிப் பழகிவிட்டது. தொட்டியில் இறங்கினோம். இலையை அள்ளினோம், சேற்றை அள்ளினோம். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் விடவில்லை. சுரண்டியால் சுரண்டி, தேங்காய் மட்டை போட்டுத் தேய்த்து, கல் பளிச்சென்று தெரியும் வரைக்கும் விட்டால்தானே. கடைசியில் எல்லாரும் மேலே ஏறி நின்று, சாமி பாத்திரம் விளக்கின மாதிரி இருக்கிறது என்று பெருமைப்பட்டோம். நீ கங்காணி மாதிரி இடுப்பில் கை வைத்து, "சரி, சரி, இன்னைக்கு எல்லாருக்கும் முழு நாள் பேரு" என்றாய்.

அடுத்த ஞாயிறு போனால் தொட்டி காய்ந்து கிடந்தது. ஊற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே விழுகிறது, கல் இடுக்கில் அப்படியே மறைகிறது. லயத்துக்கும் இல்லை, கீழேயும் இல்லை. நாம் வாயைப் பிளந்து நிற்கும்போதுதான் பண்டா ஐயா ஏறி வந்தார். கீழ் கிராமத்தில் போஞ்சி போடுகிறவர். தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீரில்தான் அவர் கொடிகள் பிழைத்தன. ஒரு வாரமாகத் தண்ணீர் நின்றுபோக, கத்தியோடு மேலே வந்துவிட்டார். தொட்டியைப் பார்த்தார். நம்மைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மெட்டி நெத்துவ வத்துர தியெனவத, நங்கி?"

களிமண் இல்லாமல் தண்ணீர் நிற்குமா என்று கேட்டார். அப்போதுதான் நமக்கு விளங்கியது. அழுக்கென்று நாம் சுரண்டிப் போட்டதுதான் தொட்டியின் அடி. எந்தக் காலத்திலோ யாரோ மிதித்து மிதித்து ஒட்டி வைத்ததை நாம் ஒரே நாளில் சுத்தம் பண்ணி எறிந்திருக்கிறோம். மற்றவர்கள் எல்லாம் கீழே பார்த்தார்கள். நீ மட்டும் அவர் முன்னால் போய்க் குந்தினாய். உன் சிங்களம் பாதி, கை பாதி. "ஐயா, நாங்கதான் பண்ணினோம். வேணும்னு பண்ணல. எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லுங்க, நாங்களே பண்ணித் தாறோம்" என்றாய். அவர் கோபம் பாதியில் நின்றுபோனது. தன் தோட்டத்து மூலையில் களிமண் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மிதிப்பதற்கு எருமை வேண்டும், குறைந்தது நாலு வேண்டும் என்றார்.

நீ அந்தப் பேச்சை நமக்குத் தமிழில் சொன்னாய். சொல்லிவிட்டு, "எருமைக்கு எங்கடி போறது? கோயில் முன்னால கேரம் ஆடுதே, அதுகள ஓட்டிக்கிட்டு வரலாமா?" என்றாய். பண்டா ஐயாவுக்குத் தமிழ் தெரியும் என்பது அவர் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

கொழுந்துக் கூடைக்குள் உரப்பையை விரித்து, களிமண் அள்ளி, நெற்றியில் கயிறு மாட்டிச் சுமந்தோம். கொழுந்து எவ்வளவு கனத்தாலும் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். களிமண் பின்னால் இழுக்கும். இரண்டு ஞாயிறும் பௌர்ணமி லீவான ஒரு போயா நாளும் ஆனது. எருமை வரவில்லை. நாமே இறங்கினோம். ஒரு கைப்பிடி உயரம் களிமண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, மிதித்து, அதன் மேல் இன்னொரு அடுக்கு. சும்மா மிதித்தால் கால் ஓய்ந்துவிடும் என்று நீ கும்மி பிடிக்கச் சொன்னாய். பதினோரு பேர் வட்டமாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரைக்கும் களிமண்ணில் கும்மி அடித்தோம். நீ நடுவில். நீ பாட்டில் கங்காணியையும் கேரம் ஆடுகிறவர்களையும் ஒரு ஆள் விடாமல் இழுத்தாய். பண்டா ஐயா கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "இங்க, இங்க" என்று மிதி படாத இடத்தைக் கம்பால் காட்டினார்.

தொட்டி நின்றது. பழையபடி ஒரு பக்கம் அவருக்கு வழிந்தது. கால்வாயையும் சுத்தம் பண்ணினோம். இந்தத் தடவை எதையும் சுரண்டவில்லை, கையால் தடவித் தடவிப் பார்த்துத்தான் எடுத்தோம். தண்ணீர் ரோடு வரைக்கும் வந்து, பொந்து வாயில் தேங்கி நின்றது. மிச்சம் அந்தப் பொந்து மட்டும்தான்.

இனி எழுதுவதை மறைக்காமல் எழுத வேண்டும்.

ரோடு தோட்டத்து ரோடு. அதில் கொழுந்து லொரி போகும், தொரை ஜீப் போகும். அதைத் தோண்டலாமா என்று நம்மில் ஒருவருக்காவது தோன்றியதா? எனக்குத் தோன்றியது. ஒரே ஒரு தடவை சொன்னேன். "ஆபீஸ்ல கேட்டா ஆறு மாசம் இழுப்பாங்க. யாருகிட்ட கேட்டு கால்வாய் வெட்டினீங்கன்னு அதையும் சேத்து நிப்பாட்டிருவாங்க" என்றாய். எல்லாரும் ஆமாம் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். மேலே ரோடு இருக்கும்போது அதைத் தொடாமல் அடியில் புகுந்து போவதுதான் நமக்குச் சுலபமாகத் தெரிந்தது. கேட்பதற்குப் பயந்த பொம்பளைகளுக்கு அப்படித்தான் தெரியும்.

பொந்துக்குள் போகிற அளவு உடம்பு உனக்குத்தான் இருந்தது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு, டோர்ச்சைத் தலைத் துணியில் கட்டிக்கொண்டாய். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ வந்தா நடுவுல மாட்டிக்குவே. அப்புறம் உன்னைய எடுக்க ஒரு கமிட்டி போடணும்" என்றாய். ஒரு கயிறு உன் கணுக்காலில், இன்னொரு கயிறு உன் கையில், இரண்டுக்கும் மறுமுனை என்னிடம். தேங்கின சேற்றில் நெஞ்சு பட நீ ஊர்ந்து போவாய். உள்ளேயிருந்து வேர் வெட்டும் சத்தம் வரும். வெட்டின வேரைக் கையிலிருக்கிற கயிற்றில் கட்டி அனுப்புவாய், நான் இழுப்பேன். வெளியே வரும்போது உன் கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளையாக இருக்கும். கையெல்லாம் கீறல். "உள்ள எலிதான் குடும்பம் நடத்துது. சீதனம் எல்லாம் வச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாய். எல்லாரும் சிரித்தோம்.

மூன்று ஞாயிறு போனாய். மூன்றாம் ஞாயிறு வெளியே வந்து, "இன்னும் ஒரு முழந்தான்டி. அந்தப் பக்கத்து வெளிச்சம் வேருக்குள்ளால தெரியுது" என்றாய். கத்தியை உள்ளேயே விட்டுவிட்டாய், அடுத்த வாரம் வேண்டும்தானே என்று.

திங்கள் மலையில் உன் கூடை நிறையவில்லை. செவ்வாய் கண் சிவந்திருந்தது, கெண்டைக்காலைத் தொடவிடவில்லை. வழக்கமான காய்ச்சல் என்று பெனடோல் போட்டுக்கொண்டு படுத்தாய். புதன் ஆஸ்பத்திரி. எலிக்காய்ச்சல் என்றார்கள், முந்தியே வந்திருக்க வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

உன்னைக் குளிப்பாட்ட லயத்தில் தண்ணீர் இல்லை, குள்ளி. பண்டா ஐயாவும் அவர் வீட்டு ஆட்களும் கீழேயிருந்து கேனில் சுமந்துகொண்டு வந்தார்கள். அந்த ஒன்றை மட்டும் நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

மண் போட்டுத் திரும்பி வந்த அன்று உன் வீட்டுக்காரர் நேராக ரோட்டுக்குப் போனார். பெரிய கல் ஒன்றை உருட்டிப் பொந்து வாயை அடைத்தார். "இதுக்குள்ள இனி ஒருத்தரும் போகக் கூடாது" என்றார். லயத்தில் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். அந்தத் தண்ணீர் ஓர் ஆளைக் கேட்டதாம். சாமி கும்பிடாமல் தொட்டியைத் தொட்டதுதான் குற்றமாம். நம் பன்னிரண்டு பேரில் சிலருக்கே அதில் இறங்கப் பயம் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு வாரம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் கிளினிக்குக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸை வழியில் மறித்தேன். நான் எவரையும் வழியில் மறித்துக் கேள்வி கேட்டவள் இல்லை. "மிஸ், அவள எது கொன்னுச்சு? தண்ணியா, சாமியா?" என்று கேட்டேன். அவர் குடையை மடக்கிவிட்டு நின்று சொன்னார். தேங்கின சேற்றில் எலி மூத்திரம் கலந்திருக்கும். கீறல் வழியாக உடம்புக்குள் போகும். பூட்ஸ் போட வேண்டும், கையுறை போட வேண்டும். இறங்குவதற்கு முந்தி ஆஸ்பத்திரியில் கேட்டால் அதற்கு மாத்திரை தருவார்கள். காய்ச்சல் வந்தால் முதல் நாளே ஓட வேண்டும். "ஓடுற தண்ணி பயமில்ல. கொதிக்க வச்சுக் குடிங்க. தேங்கின தண்ணிதான் பயம்" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்தப் பொந்தை அடைத்து வைத்திருப்பது தண்ணீரைத் தேங்கத்தானே வைக்கிறது? கொன்றதையே நாம் கல் வைத்துக் காவல் காக்கிறோம் என்று தோன்றியது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்காரரிடம் போனேன். இஸ்தோப்பில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அந்தக் கல்ல எடுக்கணும்."

"எதுக்கு? அடுத்து நீ போறதுக்கா?"

"போறதுன்னா போவேன். ஒரு முழம் மிச்சம் இருக்கு. அவ விட்டுட்டுப் போனது."

"நீ போனா மாட்டிக்குவே தங்கச்சி." சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ சொன்ன அதே சொல்.

"அப்ப மேலருந்து தோண்டுவோம். ரோட்ட ஒடைப்போம்."

"ரோடா? தொரை விடுவாரா?"

"போய்க் கேக்குறேன்."

"நீயா?"

"நான்தான்."

நல்ல சேலை கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன், பிறகு திரும்பவும் மாட்டிக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க மனப்பாடம் பண்ணியது எல்லாம் மறந்துபோனது. சின்னத்தொரை கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்கு வந்த மாதிரி சொன்னேன். பீலி, தொட்டி, சவுக்கு வேர், நீ. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த எடம்? ஸ்டோருக்குப் போற வழியில வளைவுக்குக் கிட்டவா?"

"ஆமாங்க தொரை."

"ஞாயித்துக்கெழம லொரி இல்லதானே. தோண்டுங்க. பாதி ரோடு தோண்டி, பாதிய விட்டு வைங்க. மேல போட ஸ்டோர்ல பழைய சிமெந்து ஸ்லாப் கெடக்கு, அதுல நாலு எடுத்துக்குங்க." சொல்லிவிட்டு மறுபடியும் கணினியைப் பார்த்தார். ஒரு பிளேன்டி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

நான் அசையாமல் நின்றேன். "வேற என்னா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று வெளியே வந்தேன். அன்றைக்கு அவர் மறுத்திருந்தால், ஏசியிருந்தால், எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். நீ பயந்தது சரிதான் என்று மனதைத் தேற்றியிருப்பேன். கேட்டதும் கொடுத்துவிட்டார். ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற படிக்கட்டில் உட்கார்ந்து, சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு, மூச்சுத் திணறத் திணற அழுதேன். எழுந்து முகம் கழுவத் தேடினால் அங்கேயும் குழாயில் தண்ணீர் இல்லை. அதற்கு ஒரு சிரிப்பு வந்தது. நடந்து வந்துவிட்டேன்.

ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்கிற உன் மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சனிக்கிழமை பஸ்ஸில் பெரிய பொதி ஒன்று வந்தது. ரப்பர் பூட்ஸ் ஆறு ஜோடி. கடை முதலாளி நானா விஷயம் கேட்டு அதற்கு மேல் ஆறு ஜோடி கையுறையும் போட்டுவிட்டாராம். அதில் ஒரு ஜோடி பூட்ஸ் சின்னப் பிள்ளை சைஸ். யாருக்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாத்திரையை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிவந்தேன். விழுங்கினதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒவ்வொருவரையும் மம்பட்டி தொடவிட்டேன். "கங்காணிய விட மோசமா இருக்கே" என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். இந்தத் தடவை கேரம் பலகை சும்மா கிடந்தது. ஆம்பளைகளும் வந்தார்கள். உன் வீட்டுக்காரர் அலவாங்கோடு வந்து, முதலில் தான் உருட்டி வைத்த கல்லை நெம்பித் தள்ளினார். பிறகு ரோட்டில் முதல் குத்தைக் குத்தினார்.

அரை நாள்கூட ஆகவில்லை. தார் ஒரு விரல் மொத்தம், அதற்குக் கீழே சல்லி, சல்லிக்குக் கீழே பழைய பலகைக் கல். கல்லைப் புரட்டினதும் உள்ளே வெயில் பட்டது. நீ ஊர்ந்த தடம் சேற்றில் காய்ந்துகூட இருக்கவில்லை. கத்தி வேரில் குத்தி நின்றது. அதற்கு அப்பால் மிச்சம் இருந்தது ஒரு முழம்தான். நீ பொய் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் பூட்ஸோடு இறங்கி, அந்தக் கத்தியைப் பிடுங்கி, அந்த வேரை வெட்டினார். வெட்டி முடித்தும் வெட்டிக்கொண்டே இருந்தார். பண்டா ஐயாதான் மேலேயிருந்து அவர் தோளைத் தொட்டு, "ஹரி மல்லி, ஹரி. எத்தி" என்றார். போதும் தம்பி என்று.

தண்ணீர் பீலிக்கு வருவதற்கு முந்தி நாங்கள் ஓடிவந்து நின்றோம். முதலில் ஒரு கொப்புளம் மாதிரி காற்று வந்தது. பிறகு செம்மண் குழம்பு. பிறகு இலை, குச்சி, ஒரு தவளை. தவளை வந்ததும் எல்லாரும் கத்தினார்கள். வெகு நேரம் கழித்துத் தெளிந்தது. இரண்டு வாயிலும் ஒரே அளவாக விழுந்தது. யாரும் குடத்தை வைக்கவில்லை. பயம் இன்னும் விடவில்லை. நான் பெரிய கேத்தல் நிறையப் பிடித்து, அங்கேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, கொதித்துக் கொதித்து மூடி ஆடும் வரைக்கும் விட்டு, தேயிலை போட்டேன். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் சீனி வைத்தேன். முதல் கோப்பையை உன் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் சீனியை நக்கிக்கொண்டு ஒரு மிடறு குடித்தார். எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாயம் காணாது" என்றார்.

அதற்குப் பிறகுதான் குடம் வைக்கச் சண்டை வந்தது.

இப்போது ரோட்டில் நாலு ஸ்லாப் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கலாம். இனி யாரும் அதற்குள் ஊர்ந்து போக வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு போயாவுக்குத் திறந்து பார்க்கிறோம். எலி குடும்பம் நடத்தவிடுவதில்லை. தொட்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஓர் அடுக்குக் களிமண் போட்டு மிதிக்கிறோம். கும்மி பிடிக்கச் சொன்னால் பிடிக்கிறார்கள், பாட்டுத்தான் உன் மாதிரி வரவில்லை. மேல் லயத்து ஆட்கள் பங்கு கேட்டு வந்தார்கள். வேலைக்கு வந்தீர்களா என்று நம் ஆட்கள் சண்டைக்குப் போனார்கள். வேலைக்கு வாங்க, தண்ணி எடுங்க என்று நான் சொல்லிவிட்டேன். வந்தார்கள். எடுக்கிறார்கள்.

எனக்குள் ஒன்று மாறிப்போய்விட்டது, குள்ளி. நான் இப்போது எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன். லயத்துக் கூரைத் தகரத்துக்கு ஆபீஸில் போய்க் கேட்டேன். கொடுக்கவில்லை, மறுபடியும் கேட்பேன். அக்கரப்பத்தனை பஸ்ஸை நம் வளைவில் ஏன் நிறுத்துவதில்லை என்று டிரைவரைக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் என்ன மருந்து, எதற்கு என்று கேட்காமல் ஊசிக்குக் கை நீட்டுவதில்லை. மலையில் ஒரு பிள்ளை முகம் வாடியிருந்தால் கூடையை இறக்க வைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கேட்கிறேன். எரிச்சல்படுகிறார்கள். படட்டும். கேட்டால் இல்லை என்பார்கள், ஏசுவார்கள், அவ்வளவுதான். கேட்காமல் விட்டதற்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கேட்க வேண்டிய ஓர் ஆளிடம் மட்டும் கேட்காமல் விட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் போல. அந்த மூன்றாம் ஞாயிறு, நீ உள்ளே போகுமுன் உன் கணுக்காலில் கயிறு கட்டினது நான்தான். என் விரலில் உன் கால் சுட்டது. ஏற்றம் ஏறி வந்த சூடு என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா, எனக்கே தெரியவில்லை. இன்றோடு முடித்துவிடலாம் என்று எனக்கும் அவசரம் இருந்தது. முடிச்சை இறுக்கிவிட்டு, "போ" என்று உன் பாதத்தில் தட்டினேன். நீயும் ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டாய்.

அன்றைக்கே உனக்குக் காய்ச்சலாடி, குள்ளி?